‘ஸ்கார்லெட்’: சிவப்புத் தொப்பிச் சிறுமியின் பாட்டியைப் பற்றி ஒரு விவாதம்

வேம்பநிழல் (இழையைத் தொடங்கியவர்)

மரிஸ்ஸா மெயரின் ‘லூனார் குரோனிகல்ஸ்’ வரிசையின் இரண்டாம் நாவலான ‘ஸ்கார்லெட்’டை வாசித்து முடித்தேன். இதன் முதல் பாகமான ‘சிண்டர்’ 2012 ஜனவரியிலும், ‘ஸ்கார்லெட்’ 2013 பிப்ரவரியிலும் வெளியாயின. இளையோருக்கான அறிவியல் புனைகதைகளில் இரண்டாம் பாகம் பெரும்பாலும் முதல் பாகத்துக்கும் இறுதிப் பாகத்துக்கும் நடுவே ஒரு நடைபாதையாகவே நின்றுவிடுகிறது. இந்த நாவல் அப்படி நிற்கவில்லை என்பது மட்டுமல்ல, முதல் பாகத்தைவிட எனக்கு இது கூடுதலாகப் பிடித்திருக்கிறது. அதற்கான காரணத்தை விரிவாக எழுத விரும்புகிறேன். கதையின் முக்கியத் திருப்பங்களைப் பேசாமல் அதை எழுத முடியாது. ஆகவே, இன்னும் வாசிக்காதவர்கள் இந்த இழையைப் பிறகு படிப்பது நல்லது.

முதல் பாகம் சிண்ட்ரெல்லாவின் கதை. நியூ பெய்ஜிங் நகரில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும், உடலில் ஒரு பகுதி இயந்திரமாக்கப்பட்ட சிண்டர் என்னும் பெண், அரண்மனை விருந்தில் நிலவின் அரசி லெவானாவால் அடையாளம் காணப்பட்டுச் சிறைக்குப் போவதோடு அது முடிகிறது. இரண்டாம் பாகம் அவளிடமிருந்து தொடங்கவில்லை. தெற்குப் பிரான்சின் ரியூ என்னும் ஊரில், உணவகத்துக்குக் காய்கறி கொண்டுவந்து கொடுக்கும் ஸ்கார்லெட் பெனுவா என்னும் பதினெட்டு வயதுப் பெண்ணின் கையிலுள்ள திரையில் ஒரு செய்தி வந்து விழுகிறது. காணாமல் போன அவளுடைய பாட்டி மிஷேலைத் தேடும் வழக்கைத் துலூஸ் காவல் துறை முடித்துக்கொண்டது என்பதுதான் அந்தச் செய்தி. சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையைப் பாட்டியின் வீட்டு வாசலில் கொண்டுபோய் முடிக்காமல், பாட்டி வீட்டில் இல்லை என்பதிலிருந்து தொடங்கியிருக்கிறார் மெயர். இந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் நாவல் முழுவதும் விரிகிறது என்று நினைக்கிறேன்.

பழைய கதையில் பாட்டிக்கு என்ன வேலை இருக்கிறது? அவள் நோயுற்றுப் படுத்திருக்கிறாள், கதவைத் திறக்கும் வழியை ஓநாய்க்குச் சொல்கிறாள், விழுங்கப்படுகிறாள், அவ்வளவுதான். பேத்தியின் பயணத்துக்குக் காரணமாக இருப்பதைத் தவிர அவளுக்குக் கடந்த காலமும் இல்லை, இரகசியமும் இல்லை. மெயரின் மிஷேல் பெனுவாவோ ஐரோப்பியக் கூட்டமைப்பின் இராணுவ விமானியாக இருந்தவள். தூதுக்குழுவை ஏற்றிக்கொண்டு நிலவுக்குச் சென்று திரும்பியவள். தீயில் இறந்துவிட்டதாக உலகம் நம்பும் நிலவின் இளவரசி செலீனைத் தன் பண்ணைக்கு அடியில் ஆண்டுக்கணக்காக மறைத்து வைத்திருந்தவள். அந்த இளவரசிதான் சிண்டர். ஆக, இரண்டு தேவதைக் கதைகளைப் பிணைக்கும் முடிச்சு இளவரசனும் அல்ல, சூனியக்காரியும் அல்ல, ஒரு வயதான விவசாயப் பெண்மணி என்றாகிறது.

சிறையிலிருந்து தப்பிய சிண்டரும் அவளோடு தப்பிய கேப்டன் தோர்னும் அந்தப் பண்ணையைத் தேடி வந்து, விமானக் கொட்டகையின் தரைக்கு அடியில் இருக்கும் அறையைக் கண்டுபிடிக்கும் அத்தியாயத்தை நான் இரண்டு முறை வாசித்தேன். உறக்கநிலையில் உடலைப் பேணும் தொட்டியும் அறுவைச் சிகிச்சை மேசையும் அங்கே இருக்கின்றன. தன் நினைவில் எங்குமே இல்லாத குழந்தைப் பருவத்தைச் சிண்டர் பொருள்களாகக் கண்ணெதிரே காண்கிறாள். தன்னை யாரோ அறுத்து, இயந்திரம் பொருத்தி, விழித்தெழும் வரை காத்திருந்தார்கள் என்பதை அந்த மேசை அவளுக்குச் சொல்கிறது. காத்திருந்தவள் அதே நேரத்தில் பாரிஸில் சித்திரவதைக்கு ஆளாகிக்கொண்டிருக்கிறாள் என்பதும், எவ்வளவு வதைத்தும் அவள் இளவரசியைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பதும் நமக்குத் தெரிய வரும்போது, பழைய கதையின் படுக்கையில் கிடந்த அந்தப் பாட்டியை நம்மால் மீண்டும் அதே கண்ணோடு பார்க்க முடிவதில்லை.

இதை மற்ற வாசகர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

தொலைநோக்கி

பாட்டியைப் பற்றிய உங்கள் கருத்தோடு உடன்படுகிறேன். ஆனால் முதல் பாகத்தைவிட இது மேலானது என்பதை ஏற்கத் தயங்குகிறேன். தயக்கத்துக்குக் காரணம் நாவலின் கட்டமைப்பு. ஒரு பக்கம் ஸ்கார்லெட்டும் அவளுக்கு வழித்துணையாக வரும் ‘உல்ஃப்’ (ஓநாய்) என்னும் இளைஞனும் பாரிஸை நோக்கிப் போகிறார்கள். மறு பக்கம் சிண்டரும் தோர்னும் சிறையிலிருந்து தப்பி, ‘ராம்பியன்’ என்னும் திருட்டு விண்கலத்தில் ஒளிந்து திரிகிறார்கள். மூன்றாவதாக, ‘கை’ என்னும் பெயருடைய பேரரசரின் அரண்மனைக் காட்சிகளும் இடையிடையே வருகின்றன. முதல் பாகத்தில் நாம் ஒரு பெண்ணின் தோளுக்குப் பின்னால் நின்று உலகத்தைப் பார்த்தோம். அங்கே கொள்ளைநோயும், வளர்ப்புத் தாயின் வீடும், சந்தைக் கடையும் ஒன்றோடொன்று நெருங்கி இருந்தன. இங்கே ஓர் அத்தியாயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கதை அடுத்த கண்டத்துக்குத் தாவிவிடுகிறது. அந்தத் தாவலை ஆசிரியர் திறமையாகவே செய்கிறார் என்றாலும், ஸ்கார்லெட்டை நாம் அறிந்துகொள்ள வேண்டிய இடம் அதனால் சுருங்கிவிடுகிறது.

இரண்டாவது குறை காதல். உல்ஃபும் ஸ்கார்லெட்டும் சந்தித்ததிலிருந்து நாவல் முடியும் வரை சில நாள்களே கழிகின்றன. அந்தச் சில நாள்களுக்குள் அவள் அவனை நம்புகிறாள், சந்தேகிக்கிறாள், மறுபடி நம்புகிறாள், அவனாலேயே காட்டிக்கொடுக்கப்படுகிறாள், இறுதியில் அவனை ஏற்றுக்கொள்கிறாள். தன் தந்தையை வதைத்தவனின் கையில் பச்சை குத்தப்பட்டிருந்தது என்று கேள்விப்பட்டதும், அதே மாதிரியான பச்சையை உல்ஃபின் கையில் பார்த்திருந்தவளான ஸ்கார்லெட் அவனைத் துப்பாக்கியோடு எதிர்கொள்ளும் காட்சி மிகச் சரியாக எழுதப்பட்டிருக்கிறது. அவ்வளவு கூர்மையாகச் சந்தேகிக்கத் தெரிந்த பெண்ணுக்கு மன்னிப்பதற்கும் அதே அளவு நேரத்தை ஆசிரியர் கொடுத்திருக்க வேண்டாமா?

நல்லவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஐகோ என்னும் ரோபோவின் ஆளுமைச் சில்லு விண்கலத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் பொருத்தப்பட்டதும், தனக்கு இத்தனை பெரிய உடம்பு வந்துவிட்டதே என்று அது வருந்தும் பகுதிகள் என் மனத்தைத் தொட்டன. உடல் என்பது மாற்றக்கூடியது என்றால் நாம் யார் என்ற கேள்வியைச் சிண்டரின் துயரத்தின் வழியாக மட்டுமல்லாமல் ஐகோவின் ஏக்கத்தின் வழியாகவும் இந்த வரிசை கேட்கிறது.

கார்த்திகைப்பூ

தொடங்கியவர் பழைய கதையில் பாட்டிக்கு வேலை இல்லை என்று எழுதியிருக்கிறார். எந்தப் பழைய கதை என்பதைப் பொறுத்து அந்தக் கூற்று மாறும் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இந்த நாவல் பிரான்சில் நடப்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

அச்சில் வந்த வடிவங்களில் நாம் முதன்மையாகக் கொள்வது ஷார்ல் பெரோ 1697இல் பாரிஸில் வெளியிட்ட கதை. அதில் வேட்டைக்காரன் இல்லை, மீட்பும் இல்லை. ஓநாய் பாட்டியை விழுங்குகிறது, பிறகு சிறுமியை விழுங்குகிறது, அத்தோடு கதை முடிகிறது. அதன் கீழே பெரோ செய்யுளில் ஒரு நீதியும் எழுதுகிறார். இளம் பெண்கள் முன்பின் தெரியாதவர்களின் பேச்சைக் கேட்கக் கூடாது என்றும், ஓநாய்களில் பல வகை உண்டு என்றும், சத்தமும் சீற்றமும் இல்லாமல் இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டு வீடு வரை பின்தொடர்ந்து வருபவையே எல்லாவற்றிலும் ஆபத்தானவை என்றும் அந்தச் செய்யுள் எச்சரிக்கிறது.

இப்போது மெயரின் உல்ஃபை நினைத்துப் பாருங்கள். முதல் சந்திப்பில் அவன் உணவகத்தின் மூலையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கிறான். கண்ணைப் பார்த்துப் பேசத் தயங்குகிறான். தக்காளியை அதற்கு முன் சுவைத்தறியாதவனாக, தட்டில் இருந்த அந்தச் சிவப்புக் காயைப் பற்றி அவளிடம் கேட்கிறான். அவை அவளே விளைவித்த தக்காளிகள். சண்டைக் களத்தில் எதிராளியை வீழ்த்தும் அத்தனை பெரிய உடம்புக்காரன் ஒரு தக்காளியின் முன்னால் குழந்தையாகிவிடும் அந்த இடத்தில் ஸ்கார்லெட்டோடு சேர்ந்து நாமும் இளகிவிடுகிறோம். பெரோவின் செய்யுளை அறிந்த வாசகருக்கோ அதே இடத்தில் முதுகு சில்லிட வேண்டும், ஏனென்றால் பெரோ எச்சரித்த இனிய ஓநாய் இவன்தான். அவன் அவளை ஏமாற்றித்தான் பாரிஸுக்கு அழைத்துச் செல்கிறான் என்பதும் பின்னால் உறுதியாகிறது. அவனுடைய கூச்சம் உண்மையானது, அவனுடைய பணி வஞ்சகமானது. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருந்தன என்பதைத்தான் நாவல் புதிதாகச் சொல்கிறது.

கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட வடிவத்தில் வேட்டைக்காரன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து இருவரையும் மீட்கிறான். அந்தக் கதைக்குப் பலரும் மறந்துவிட்ட ஒரு பின்பகுதி உண்டு. இன்னொரு ஓநாய் வருகிறது. இம்முறை பேத்தி பாட்டியிடம் ஓடிச் சொல்ல, பாட்டி கதவைத் தாழிடச் செய்கிறாள். ஓநாய் கூரைமேல் ஏறிக் காத்திருக்கிறது. முந்தின நாள் இறைச்சி வேகவைத்த தண்ணீரை வீட்டு வாசலில் இருக்கும் கல்தொட்டியில் ஊற்றி நிரப்பச் சொல்கிறாள் பாட்டி. மணத்தில் மயங்கி எட்டிப் பார்க்கும் ஓநாய் சறுக்கி விழுந்து அதில் மூழ்கிச் சாகிறது. யோசனை பாட்டியுடையது, உழைப்பு பேத்தியுடையது, வேட்டைக்காரனுக்கு அங்கே இடமே இல்லை. மிஷேல் பெனுவாவின் மூதாதை அந்தப் பாட்டிதான் என்று நான் நம்புகிறேன்.

இவை இரண்டுக்கும் வேறான வாய்மொழி வடிவமும் ஒன்று உண்டு. பிரான்சின் நிவெர்னே பகுதியில் 1885 வாக்கில் சொல்லக் கேட்டுப் பதிவு செய்யப்பட்ட அந்தக் கதையை 1951இல் பால் தெலாரு என்னும் நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் வெளியிட்டார். அதில் வருவது வெறும் ஓநாய் அன்று, மனிதனாகவும் ஓநாயாகவும் மாறும் உரு. சிறுமிக்குச் சிவப்புத் தொப்பி கிடையாது. பாட்டி அங்கும் கொல்லப்படுகிறாள். சிறுமியோ, வெளிக்குப் போக வேண்டும் என்று சொல்லி, காலில் கட்டிய கயிற்றை வெளியே ஒரு மரத்தில் கட்டிவிட்டுத் தன் புத்தியால் தப்பி ஓடுகிறாள். மெயரின் ஸ்கார்லெட் பெரோவின் சிறுமியைவிட இந்தக் கிராமத்துச் சிறுமிக்குத்தான் நெருக்கமானவள். மெயரின் உல்ஃபும் மனிதனும் ஓநாயும் கலந்த அந்த உருவுக்குத்தான் நெருக்கமானவன். ஆசிரியர் இந்த வாய்மொழி வடிவத்திலிருந்து எடுத்துக்கொண்டார் என்று நான் வாதிடவில்லை. பெரோ மெருகேற்றி நீக்கியவை இந்த நாவலில் மீண்டும் தலைகாட்டுவதாக எனக்குப் படுகிறது.

ஓநாய் பிரான்சுக்கு வெறும் கதைப் பாத்திரமாக மட்டும் இருந்ததில்லை. தெற்குப் பிரான்சின் ஜெவோதான் பகுதியில் 1764 முதல் 1767 வரை ஓநாய் போன்ற ஒரு விலங்கு ஏறத்தாழ நூறு பேரைக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் மாடு மேய்க்கப் போன சிறுவர் சிறுமியரும் பெண்களும்தான். மன்னர் பதினைந்தாம் லூயி தன் சொந்த வேட்டைக்காரரையே அங்கே அனுப்பும் அளவுக்கு அச்சம் பரவியிருந்தது. நாவலின் இறுதியில் லெவானாவின் ஓநாய்ப் படைவீரர்கள் ஒரே இரவில் உலகின் பல நகரங்களில் மக்கள்மீது பாயும்போது, இந்த வரலாற்றை அறிந்தவருக்கு அது வெறும் கற்பனையாக மட்டும் தோன்றாது.

வேம்பநிழல்

கார்த்திகைப்பூ அவர்களுக்கு மிக்க நன்றி. கிரிம் கதையின் பின்பகுதியை நினைவூட்டியது என் வாதத்தை வலுப்படுத்தியிருக்கிறது. மிஷேலுக்கும் ஸ்கார்லெட்டுக்கும் இடையே அந்தக் கூட்டு உழைப்புதான் இருக்கிறது: பேத்திக்குத் துப்பாக்கி சுடவும் விமானம் ஓட்டவும் கற்றுக்கொடுத்தவள் பாட்டிதான். அந்தப் பாட்டியைக் கடைசியில் பாரிஸ் ஓபரா மாளிகையின் சிறை அறையில் படுத்த படுக்கையாகவே ஸ்கார்லெட் காண்கிறாள். பழைய கதையின் படுக்கைக் காட்சி அந்த ஓரிடத்தில் மட்டும் அப்படியே திரும்பி வருகிறது. அங்கே மாறுவேடம் கிடையாது, கேள்வி பதில் விளையாட்டும் கிடையாது. படுக்கையில் இருப்பவள் உண்மையான பாட்டி, அவளை யாரும் வயிற்றிலிருந்து மீட்டெடுக்கப் போவதும் இல்லை. கிரிம்மின் ஆறுதலை ஆசிரியர் மறுத்துவிட்டு பெரோவின் கடுமையைப் பாட்டிக்கு மட்டும் வைத்திருக்கிறார். எனக்கு அது மிகவும் வலித்தது.

தொலைநோக்கி அவர்களின் கட்டமைப்புக் குறையைப் பற்றி ஒரு வார்த்தை. சிண்டரின் பகுதியை நீக்கிவிட்டால், பண்ணையின் அடியில் இருக்கும் அறையை நாம் ஸ்கார்லெட்டின் கண்ணால்தான் பார்த்திருப்போம். அவளுக்கு அது பாட்டி தன்னிடம் மறைத்த இரகசியமாக மட்டும் தெரிந்திருக்கும். சிண்டரின் கண்ணால் பார்க்கும்போது அது பாட்டி செய்த தியாகமாகத் தெரிகிறது. இரண்டு கதைகளும் மாறி மாறி வருவதன் பயன் அந்த அறையில்தான் கிடைக்கிறது.

மலையடிவாரம்

உல்ஃபின் மன்னிப்பைப் பற்றிய விவாதத்துக்குள் ஓநாய்களின் வாழ்வியலைக் கொஞ்சம் கொண்டுவர அனுமதியுங்கள்.

நாவலில் உல்ஃபை உள்ளிட்ட ஓநாய்ப் படையினர் தலைவன், இரண்டாமவன், கடைசியானவன் என்று ஆல்ஃபா, பீட்டா, ஒமேகா வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறார்கள். இந்தக் கருத்து அறிவியலுக்குள் வந்த வழி கவனிக்கத்தக்கது. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து 1947இல் எழுதிய ஆய்வில்தான் தலைமைக்கான இடைவிடாத போட்டி விரிவாகப் பேசப்பட்டது. பிற்பாடு டேவிட் மெக் என்னும் ஓநாய் ஆய்வாளர் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் ஓநாய்க் கூட்டத்தைப் பல கோடைகளாகப் பின்தொடர்ந்து பார்த்துவிட்டு, காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தந்தை, அவற்றின் குட்டிகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். அங்கே தலைமை என்பது பெற்றோராக இருப்பதால் வருவது, சண்டையிட்டுப் பிடிப்பதன்று.

இதை வைத்துக்கொண்டு, நாவலின் ஓநாய் அறிவியல் காலாவதியானது என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. நிலவின் சிறுவர்கள் பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்டு, உடல் மாற்றப்பட்டு, பயிற்சிக் கூடங்களில் அடைக்கப்பட்டு, ஒருவரோடு ஒருவர் மோதவிடப்படுகிறார்கள். அதாவது, அவர்கள் காட்டு ஓநாய்கள் அல்லர், பாசெலில் அடைபட்ட ஓநாய்களின் நிலையில் இருப்பவர்கள். உல்ஃபின் சொந்தத் தம்பியான ரான் அண்ணனைத் தலைமைக்குத் தடையாகவே பார்க்கிறான். குடும்பமாக இருந்திருக்க வேண்டிய உறவு, அடைக்கப்பட்ட இடத்தில் பதவிப் போட்டியாகச் சிதைகிறது. ஆசிரியர் தெரிந்து செய்தாரோ இல்லையோ, அவர் படைத்த சூழலுக்கு அந்த வரிசைமுறை கச்சிதமாகப் பொருந்துகிறது.

உல்ஃபின் வன்முறை அவனுடைய இயல்பு என்று கொண்டால் ஸ்கார்லெட்டின் மன்னிப்பு அசட்டுத்தனமாகத் தோன்றும். அது அவன்மேல் திணிக்கப்பட்ட நிலை என்று கொண்டால், அவளுடைய மன்னிப்பு அவனைத் திணித்தவர்களிடமிருந்து பிரித்துப் பார்க்கும் செயலாகிறது. நிலவின் மந்திரவாதி அதிகாரியான ஜேல் அவனுடைய உடலைத் தன் மனத்தால் இயக்கும்போது அதை மீறி அவன் ஸ்கார்லெட்டைக் காக்க முயலும் காட்சியில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரிகிறது.

தொலைநோக்கி

மலையடிவாரம் அவர்களின் விளக்கம் மிக அருமையானது. அடைபட்ட ஓநாய்கள் என்ற பார்வை எனக்கு முற்றிலும் புதியது. ஆனாலும் என் மறுப்பின் ஒரு பகுதி அப்படியே நிற்கிறது. ஜேலின் கட்டுப்பாட்டில் இருந்தபோது உல்ஃப் செய்தவற்றுக்கு அவன் பொறுப்பாக மாட்டான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரியூவிலிருந்து பாரிஸ் வரை வந்த வழியில் அவன் மனத்தை யாரும் இயக்கவில்லையே. இரயிலில் கொள்ளைநோய் கண்டுபிடிக்கப்பட்டு, தனிமைப்படுத்தப்படுவதற்கு முன் இருவரும் குதித்துத் தப்பிக் காட்டு வழியே நடக்கிறார்கள். அப்போது உண்மையைச் சொல்ல அவனுக்குப் போதிய அவகாசம் இருந்தது. அவன் சொல்லவில்லை. அந்த மௌனம் அவனுடையது.

மன்னிப்பே கூடாது என்பது என் நிலைப்பாடன்று. அந்த மௌனத்தைப் பற்றி ஸ்கார்லெட் அவனிடம் ஒரு முறையாவது முகத்துக்கு நேராகக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளும் நீண்ட உரையாடல் ஒன்று வேண்டியிருந்தது. நாவலின் கடைசிப் பகுதியில் போரும், தப்புதலும், லெவானாவை மணந்துகொள்ளப் பேரரசர் ‘கை’ எடுக்கும் முடிவும் அடுத்தடுத்து வந்து அதற்கான இடத்தை விழுங்கிவிடுகின்றன.

மனத்தை இயக்கும் அந்த ஆற்றலைப் பற்றிப் பேசும்போது, இந்தப் பாகத்தில் சிண்டரும் அதைப் பயன்படுத்தத் தொடங்குகிறாள் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறையிலிருந்து தப்புவதற்காகப் பிறர் மனத்தில் கைவைக்கும்போது தானும் லெவானாவைப் போல ஆகிவிடுவேனோ என்று அவள் அஞ்சுகிறாள். அந்த அச்சத்தை ஆசிரியர் அவசரப்படாமல் எழுதியிருக்கிறார். ஓர் அத்தியாயத்தில் ஜேலின் கையில் சிக்கிய உல்ஃபையும், வேறோர் அத்தியாயத்தில் அதே ஆற்றலைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கும் சிண்டரையும் பார்க்கும்போது, மாறி மாறி வரும் கட்டமைப்புக்கு வேம்பநிழல் சொன்னதைத் தவிர இன்னொரு பயனும் இருப்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

புதுவாசகர்

திருப்பங்கள் தெரிந்தாலும் பரவாயில்லை என்று முழு இழையையும் படித்துவிட்டேன். என் அக்காள் மகளுக்குப் பதின்மூன்று வயது. தேவதைக் கதைகளின் மறுபுனைவுகளை விரும்பி வாசிப்பவள். முதல் பாகத்தை விட்டுவிட்டு நேரே ‘ஸ்கார்லெட்’டைக் கொடுக்கலாமா? வன்முறை அவள் வயதுக்கு அதிகமாக இருக்குமா? அடுத்தடுத்த பாகங்களின் வரிசையையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

வேம்பநிழல்

முதல் பாகத்தை விட்டுவிட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். ஸ்கார்லெட்டின் பகுதி தனியாகவே புரியும் என்றாலும், பண்ணைக்கு அடியில் இருக்கும் அந்த அறையின் கனம் சிண்டரை முன்பே அறிந்தவருக்குத்தான் இறங்கும். வன்முறையைப் பொறுத்தவரை, முதல் பாகத்தைவிட இது கடுமையானது. தந்தையின் கைகளில் இருக்கும் தீக்காயங்கள், சண்டைக் களக் காட்சிகள், பாட்டியின் முடிவு ஆகிய மூன்றையும் நீங்கள் முதலில் வாசித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது. பாட்டியோடு ஒட்டிக்கொண்டு வளர்ந்த பிள்ளையாக இருந்தால், அந்தக் கடைசி அத்தியாயங்களின்போது பக்கத்தில் இருங்கள்.

வெளியான வரிசையிலேயே வாசிக்கலாம். ‘ஸ்கார்லெட்’டுக்குப் பிறகு 2014இல் வந்த ‘கிரெஸ்’, நெடுங்கூந்தல் ரபுன்செலைக் கோபுரத்துக்குப் பதிலாகப் பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளில் சிறைவைக்கிறது. லெவானாவின் இளமையைச் சொல்லும் ‘ஃபேரஸ்ட்’ 2015 ஜனவரியில் வந்தது. ஸ்னோ ஒயிட்டின் கதையான ‘வின்டர்’ அதே ஆண்டு நவம்பரில் வந்து வரிசையை நிறைவு செய்தது. ‘ஃபேரஸ்ட்’டைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட வேண்டாம், லெவானாவைப் பகைத்துப் பழகிய பிறகு வாசித்தால்தான் அந்தச் சிறு நூல் வாசகரைக் கலங்கவைக்கும்.

தொலைநோக்கி அவர்கள் கேட்ட அந்த உரையாடலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘கிரெஸ்’ஸின் தொடக்கத்திலேயே ஸ்கார்லெட் எதிரிகளிடம் சிக்கி நிலவுக்குக் கொண்டுபோகப்படுகிறாள். உல்ஃப் அவளில்லாமல் நொறுங்கிப்போய்க் கிடக்கிறான். பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியவர்களை ஆசிரியர் பிரித்துவிடுகிறார் என்பதால் உங்கள் குறை முழுமையாகத் தீராது. ஆனால் நிலவில் தனியே அடைபட்டிருக்கும் ஸ்கார்லெட் யாருக்கும் பணியாமல் நிற்பதைப் பார்க்கும்போது, மிஷேலின் பிடிவாதம் பேத்தியிடம் அப்படியே இறங்கியிருப்பது தெரியும். அந்தப் பகுதிகளை வாசித்துவிட்டு இங்கே எழுதுங்கள், ‘கிரெஸ்’ஸுக்குத் தனி இழை தொடங்கிவிடுகிறேன்.